ஓட்டையில்லாத விதி

“அம்மா, ஒரு சந்தேகம்.”

அய்யலுசாமி சுட்டுவிரலைத் தூக்கினார். நகராட்சிக்கு விதி எழுதும் சண்பகவல்லி கண்களை மூடிக்கொண்டாள். தனக்கு இரத்தக்கொதிப்பு வந்ததற்கு இந்த மூன்று சொற்கள்தான் காரணம் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

“சொல்லுங்க சார்.”

“வீட்டுக்கு இருநூறு லிட்டர் தண்ணின்னு எழுதியிருக்கீங்க. வீடுன்னா என்ன?”

“வீடுன்னா வீடு சார்.”

“சரி. என் ஆளு தங்கப்பாண்டி வீட்டுக்கு நடுவுல ஒரு சுவரு எழுப்புறான். பின்னாடி ஒரு கதவு வைக்கிறான். இப்ப அது ரெண்டு வீடு. நானூறு லிட்டர்.”

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் விளைவுமேசையில் சுவர் எழும்பிவிட்டது. மேசை முழுக்க ஒளியால் ஆன குட்டி மேலச்செவ்வூர் விரிந்து கிடந்தது: கண்மாய், தேரடி, பேருந்து நிலையம், அதைச் சுற்றி எறும்பளவு மனிதர்கள். தங்கப்பாண்டியைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரனும் சுவர் வைத்தான், அவனைப் பார்த்து எதிர்வீட்டுக்காரன். சித்திரை, வைகாசி, ஆனி என்று மாதங்கள் மூச்சு விடும் நேரத்தில் ஓடின. மேசையின் கண்மாய் வற்றி வெடித்தது. விளிம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“விதி உடைந்தது” என்றது மேசை.

அய்யலுசாமி திருப்தியாக மூக்குப்பொடி எடுத்தார். ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்படுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

முன்பெல்லாம் ஒரு விதியை எழுதிவிட்டு, ஊர் அதை எப்படிக் கெடுக்கிறது என்று பத்து வருஷம் வேடிக்கை பார்ப்பார்கள். விளைவுமேசை வந்தபிறகு அந்தப் பத்து வருஷத்தையும் ஒரே பிற்பகலில் ஆடிப் பார்த்துவிடலாம். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்த ஊரில் வாழ்வதாக நினைத்து, என்ன செய்வோம் என்று வாயால் சொல்ல வேண்டும். மற்ற ஆயிரக்கணக்கான பேர் அதைப் பார்த்து என்ன செய்வார்கள் என்பதை மேசை கணக்கிட்டுக் காட்டும். மேசை பச்சை விளக்குக் காட்டாமல் எந்த நகராட்சியும் எந்த விதியையும் அமல்படுத்தக் கூடாது. நாய் வளர்ப்பதிலிருந்து பந்தல் போடுவது வரை எல்லாமே ஆடித்தான் வந்தாக வேண்டும்.

ஆடுகிறவர்களிலும் கணக்கு உண்டு. மனிதர்கள் மூன்று வகையாகத்தான் ஆடுவார்கள் என்று மேசையைச் செய்தவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். வெல்வதற்காக ஆடுகிறவர் வெல்லாடி. கதைக்காக ஆடுகிறவர் கதையாடி. நாலு பேரோடு உட்கார்ந்திருக்கவே ஆடுகிறவர் உடனாடி. ஒவ்வொரு மேசையிலும் வகைக்கு ஒருவர் கட்டாயம். சண்பகவல்லியின் மேசையில் அய்யலுசாமி வெல்லாடி; தங்கப்பாண்டி அவர் ஏற்ற பாத்திரம். ஊரில் தேடியிருந்தாலும் இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார், அதுதான் அவளுடைய தலைவலி.

மற்ற இருவரும் தலைவலியைக் குறைக்கவில்லை. கதையாடியான ரோஸ்லின் டீச்சர், ‘மரகதம்’ என்ற விதவையாக ஆடினாள். மரகதம் ஒரு குடம் தண்ணீர் பிடிப்பதற்குள் அவள் கணவன் எப்படிச் செத்தான், கொழுந்தன் என்ன பேசினான் என்பதையெல்லாம் சொல்லி, டீச்சர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். “டீச்சர், தண்ணி பிடிச்சாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க” என்று சண்பகவல்லி பல்லைக் கடித்தபடி கேட்பாள். “பிடிக்கிற மனநிலையிலயா மேடம் அவ இருக்கா?” என்று பதில் வரும்.

உடனாடியான பொன்னுரங்கத்துக்குத் தன் பாத்திரத்தின் பெயரே நினைவிருப்பதில்லை. காராச்சேவு பொட்டலத்தோடு வருவார், தூங்குவார், முறை வந்தால் எழுந்து, “இப்ப நான் பகடை உருட்டணுமா?” என்பார். முதல் ஆட்டத்தில் அவர் வாயைத் திறந்தது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான்.

“மேடம், நாள் பூரா இங்க உட்கார்ந்து பேசிப் பேசித் தொண்டை வத்துது. ஆடுறவங்களுக்குத் தண்ணி, காபி எல்லாம் ஆபீஸ்தான் குடுக்கணும். அதையும் விதியில எழுதுங்க.”

“அதெல்லாம் எதுக்குண்ணே விதியில?”

“எழுதாட்டி ஆணையர் குடுக்க மாட்டார். எனக்கு அவரத் தெரியும்.”

அரைமணி நேரம் இதே பாட்டு. தொல்லை விட்டால் போதுமென்று அவள் எழுதினாள்: ‘ஆட்டம் முடியும்வரை ஆட்டக்காரர்களுக்கு வேண்டிய தண்ணீரை அலுவலகமே தரும்; அது எந்த வீட்டுக் கணக்கிலும் சேராது.’ பொன்னுரங்கம் மகிழ்ந்து மறுபடி தூங்கிவிட்டார். அய்யலுசாமி அந்த வரியைச் சட்டைகூடச் செய்யவில்லை. காபிக்காக எழுதிய வரியில் வெல்ல என்ன இருக்கிறது?

சண்பகவல்லிக்கு அவசரம் இருந்தது. சன்னலுக்கு வெளியே நிஜக் கண்மாய் தெரியும். ஆடி வரை இந்தத் தண்ணீர் வர வேண்டும். போன வருஷம் வரவில்லை. லாரிக்குப் பின்னால் ஊரே குடத்தோடு ஓடியது, அடிதடியில் ஒருவருக்கு மண்டை உடைந்தது. பங்கீட்டு விதி மட்டும் வந்துவிட்டால் அது மறுபடி நடக்காது. அவள் இதை நம்பித்தான் காலையில் எழுந்தாள், இதை நம்பித்தான் அய்யலுசாமியைப் பொறுத்துக்கொண்டாள்.

வீடு என்பதை அழித்துத் ‘தலைக்கு ஐம்பது லிட்டர்’ என்று மாற்றினாள்.

“அம்மா, ஒரு சந்தேகம். தங்கப்பாண்டி பொண்டாட்டிக்கு வாரம் ஒரு பிள்ளை பொறக்குது. பேப்பர்லதான்.”

பிறந்த குழந்தையை அடுத்த காலாண்டுக் கணக்கெடுப்பில்தான் சேர்ப்பது என்று எழுதினாள். தங்கப்பாண்டி லாரித் தண்ணீர் வாங்கினான். வெளியூர்த் தண்ணீர் எந்த உருவிலும், கேனில்கூட, ஊருக்குள் வரக் கூடாது என்று எழுதினாள். தங்கப்பாண்டி பக்கத்து வீட்டுப் பங்கைக் குடம் குடமாகச் சுவரேற்றிக் கொண்டுபோய், கிழக்குத் தெருவில் விற்றான். அன்றைக்குச் சண்பகவல்லி நோட்டைத் தூக்கி எறிந்தாள்.

“உங்களுக்கு வேற நெனப்பே வராதா சார்? எப்பப் பாரு திருட்டுப்புத்தி!”

“நான் வெல்லாடிம்மா” என்றார் அவர், கொஞ்சம் கூடக் கோபப்படாமல். “அதுக்குத்தானே கூப்பிட்டீங்க?”

அந்தக் குடத்துக்குப் பதிலடியாகத்தான் ‘நீர்க்குறி’ பிறந்தது. ஒவ்வொரு வீட்டுக் குழாயும் தன் தண்ணீரில் ஒரு குறியைக் கலக்கும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. சாக்கடைத் தொட்டிகளில் இருக்கும் ‘மோப்பி’ என்ற கருவி அதைப் படிக்கும். ஒரு வீட்டுத் தண்ணீர் இன்னொரு வீட்டுச் சாக்கடையில் வந்தால், கொடுத்த வீடு, வாங்கிய வீடு இரண்டின் குழாயும் முப்பது நாளைக்குத் தானாக அடைபடும். மன்னிக்க முடியாது, திறக்கவும் முடியாது. ஏனென்றால் மன்னிக்கும் அதிகாரியைத் தங்கப்பாண்டி அதற்கு முந்தைய ஆட்டத்திலேயே விலைக்கு வாங்கிவிட்டிருந்தான்.

கடைசி ஆட்டத்தில் அய்யலுசாமி பகல் முழுக்க முயன்றார். விரலைத் தூக்கினார், யோசித்தார், இறக்கினார். மூக்குப்பொடி டப்பா காலியானது. மரகதம் அழுதாள், பொன்னுரங்கம் குறட்டை விட்டார், மேசையின் கண்மாய் ஆடி தாண்டியும் தளும்பியது. பச்சை விளக்கு எரிந்தது.

அய்யலுசாமி எழுந்து நின்று கை குலுக்கினார். “ஓட்டை இல்லம்மா. நானே சொல்றேன்.”

சண்பகவல்லி அன்று மூன்று பேருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அந்த மனுஷன் முகத்தில் இனி விழிக்க வேண்டாம்.

விதி அமலுக்கு வந்தது. மேசையில் நடந்தது அப்படியே ஊரில் நடந்தது. காலையில் குழாய் திறந்தது, தலைக்கு ஐம்பது லிட்டர் வந்தது, மூடியது. சண்டை இல்லை, லாரி இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆணையர் அவளுக்குச் சால்வை போர்த்தினார்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது, அலுவலகத் திரையில் முதல் அடைப்புச் செய்தி வந்தது. வடக்குத் தெரு, அய்யலுசாமி வீடு.

அவளுக்கு வந்தது ஆத்திரமா ஆனந்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஓட்டை இல்லை என்று கையைக் குலுக்கிவிட்டு, ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு போயிருக்கிறார்! கையும் களவுமாகப் பிடித்த முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.

அய்யலுசாமி வாசலில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பச்சைக் குழந்தை. இரண்டு வீட்டுக் குழாயிலும் சிவப்புப் பொட்டு எரிந்தது.

“வாங்கம்மா” என்றார். “உட்காருங்க. குடிக்கத் தண்ணி குடுக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க.”

“எவ்வளவுக்கு வித்தீங்க சார்?”

“என்னது?”

“தண்ணிய. எவ்வளவுக்கு வித்தீங்க?”

அவர் புரியாமல் விழித்தார். இளம்பெண்தான் பதில் சொன்னாள்.

“விக்கலைங்க மேடம். எனக்குக் குடுத்தாரு. பிள்ளை பொறந்து ஒரு வாரமாகுது. துணி அலசணும், பிள்ளையக் குளிப்பாட்டணும். கணக்குல வீட்டுக்காரரும் நானும் ரெண்டு பேருதான். பிள்ளையை அடுத்த காலாண்டுலதான் சேர்ப்பாங்களாம். பெரியப்பா நேத்து ரெண்டு குடம் கொண்டாந்து வச்சாரு.”

அவள் பெயர் தாரணி. குரலில் குறை சொல்லும் தொனி இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. இப்போது அந்த வீட்டில் ஐம்பதும் இல்லை, நூறும் இல்லை. முப்பது நாளைக்கு ஒரு சொட்டு இல்லை.

சண்பகவல்லிக்குக் குற்ற உணர்வு வந்தது. அது உடனே கோபமாக மாறியது. கோபம்தான் அவளுக்குப் பழகிய வழி.

“நீர்க்குறி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க புண்ணியத்துலதானே அதையே வச்சோம்?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா குடுத்தீங்க?”

“பிள்ளை அழுதுச்சும்மா.”

“இத ஏன் சார் மேசையில சொல்லல? பக்கத்து வீட்டுல பச்சைப்பிள்ளை அழுதா நான் குடுப்பேன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்லியிருக்கலாமே!”

அய்யலுசாமிக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது.

“தங்கப்பாண்டி குடுக்க மாட்டாம்மா. அவன் அயோக்கியன். அவனா ஆடுறதுக்குத்தான் என்னை உட்கார வச்சீங்க. நான் நல்லா ஆடுனேன். நான் எப்படிப்பட்டவன்னு நீங்க எப்பக் கேட்டீங்க?”

அவள் கேட்டதே இல்லை. இத்தனை ஆட்டத்திலும் ஊர் முழுக்கத் தங்கப்பாண்டிகள் குடியிருப்பதாக நினைத்து விதி எழுதியிருக்கிறாள். மரகதம் அழுதபோது கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள்.

ஆணையருக்குப் போன் செய்தாள். “என்கிட்ட சாவி இல்லம்மா. நீங்கதான் பிடுங்கிட்டீங்களே” என்றார் அவர், இதில் அவருக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி இருந்த மாதிரிப் பட்டது. “விதிய மாத்தணும்னா மறுபடி ஆடுங்க. மேசை பச்சை காட்டட்டும்.” பச்சை காட்ட எத்தனை வாரம் ஆகும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

அய்யலுசாமியின் எதிரில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சார், ஒரு ஓட்டை சொல்லுங்க.”

“இல்லம்மா.”

“யோசிங்க சார். உங்களுக்கு வராததா? ஒரே ஒரு ஓட்டை.”

“வெளியூர்க் கேன் தண்ணி வாங்கலாம். அதை நீங்க அடைச்சீங்க. குடத்துல குடுக்கலாம், அடைச்சாச்சு. அதிகாரிகிட்டக் கெஞ்சலாம், அதையும் அடைச்சாச்சு. நல்ல விதிம்மா. அருமையா எழுதியிருக்கீங்க.” அவர் கேலி செய்யவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இதே மனிதரை வாயை மூடச் சொல்லி எத்தனை நாள் வேண்டியிருக்கிறாள்! இப்போது அந்த விரல் தூங்கிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துப் பொன்னுரங்கம் போனில் அழைத்தார்.

“மேடம், அடுத்த ஆட்டம் எப்ப? வீட்டுல ஐம்பது லிட்டர்ல காபிக்கு ஏது? ஆபீஸ்ல உட்கார்ந்து ஒரு நல்ல காபி குடிச்சு எத்தனை நாளாச்சு!”

“அண்ணே, உங்களுக்கு நேரங்காலமே கிடையாதா? இங்க ஒரு பிள்ளைக்குத் தண்ணி இல்ல, உங்களுக்குக் காபி…”

நிறுத்தினாள். அய்யலுசாமி தலையைத் தூக்கினார். சுட்டுவிரல் மெல்ல எழுந்தது.

“அம்மா” என்றார். “ஆட்டம் முடியும்வரை. வேண்டிய தண்ணி. எந்த வீட்டுக் கணக்குலயும் சேராது.”

“ஆபீஸ் தண்ணிக்குக் குறியும் கிடையாது” என்றாள் அவள்.

அன்று பிற்பகலே ஆட்டம் கூடியது. மேசைக்கு வகைக்கு ஒருவர் கட்டாயம் என்றுதான் சட்டம் சொன்னது, அதற்கு மேல் கூடாது என்று சொல்லவில்லை. இதைக் கண்டுபிடித்தது அய்யலுசாமி அல்ல, சண்பகவல்லி. கண்டுபிடித்ததும் அவளுக்கு ஏற்பட்ட குஷியை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. தாரணி ஆட்டக்காரியாகப் பதிவானாள். அவளுக்கு வேண்டிய தண்ணீர் அலுவலகத் தொட்டியிலிருந்து அவள் வீட்டுக்குப் போனது. மோப்பி முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. குழந்தை குளித்தது.

ஒரே ஒரு நிபந்தனை. ஆட்டம் முடியக் கூடாது.

ரகசியம் ஊரில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. கீல்வாதக்காரர் வந்தார், எருமை வளர்ப்பவர் வந்தார், கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையோடு வந்தார்கள். ஆடத்தான் வந்திருக்கிறோம் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று விதியில் ஒரு வரி இல்லை. அந்த வாரக் கடைசியில் விளைவுமேசையைத் தூக்கிக்கொண்டுபோய் கண்மாய்க்கரைக் கல்யாண மண்டபத்தில் போட வேண்டியதாயிற்று. ஊரில் பாதி அங்கே இருந்தது, குடத்தோடு.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடினார்கள். வெல்லாடிகள் கூச்சலிட்டார்கள். கதையாடிகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ரோஸ்லின் டீச்சர் நூறு பேரை அழ வைத்தாள். உடனாடிகள் காராச்சேவு கொறித்தபடி, “இப்ப நாங்க பகடை உருட்டணுமா?” என்றார்கள். நடுவில் நின்ற சண்பகவல்லிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு அய்யலுசாமியை ஒழித்துக்கட்டப் பார்த்தாள், இப்போது ஊரே அவளைப் பார்த்து விரலைத் தூக்கியது.

முதலில் கவனித்தது தாரணிதான். “மேடம், மேசையில இருக்கிற கண்மாய் இறங்குது.”

“அது விளையாட்டுக் கண்மாய்மா.”

“இல்ல மேடம். வெளிய பாருங்க.”

சண்பகவல்லி சன்னலுக்குப் போனாள். மேசையில் எந்தப் படி வரை நீர் நின்றதோ, அதே படி வரைதான் நிஜக் கண்மாயிலும் நின்றது. ஆடுகிறவர்களே ஊராகிவிட்டதால் மேசைக்குக் கணிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இங்கே ஒருவர் வாயால் சொல்லும் குடம் அங்கே உண்மையாகவே குறைந்தது. ஆட்டத்தை முடித்தால் பாதி ஊர் தண்ணீருக்குத் தவிக்கும். தொடர்ந்தால் ஆடிக்கு முன் எல்லோரும் தவிப்பார்கள். இனி ஒத்திகை கிடையாது. இதை அவள் மைக்கைப் பிடுங்கிச் சொன்னாள்.

“ஒரு சந்தேகம்” என்றது ஒரு குரல்.

சண்பகவல்லியின் கை தானாக நெற்றிக்குப் போனது. “யாரு? சொல்லித் தொலைங்க.”

தாரணி எழுந்து நின்றாள். தோளில் குழந்தை தூங்கியது. “எனக்கு இன்னிக்கு ஒரு குடம் மிச்சம் மேடம். அதை எருமை வச்சிருக்கிற அண்ணனுக்குக் குடுக்கலாமா? அவரு ஆபீஸ் தண்ணி வாங்காம இருப்பாரு. கண்மாயில ஒரு குடம் நிக்கும்.”

இத்தனை ஆட்டத்திலும் யாரும் கேட்காத கேள்வி. மேசை கொஞ்ச நேரம் முனகியது. “இந்தச் செயல் வெல்லாடியிலும் சேரவில்லை, கதையாடியிலும் சேரவில்லை, உடனாடியிலும் சேரவில்லை. ஆட்டக்காரரின் வகையைத் திருத்துக” என்றது.

“வகையும் கிடையாது, வெங்காயமும் கிடையாது!” சண்பகவல்லி மேசையில் ஓங்கி அறைந்தாள். “குடுக்கலாம். அனுமதி.”

எருமைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். பின்வரிசையில் யாரோ தனக்கும் அரைக்குடம் மிச்சம் என்றார். இன்னொருவர், அதற்கு அப்பால் இன்னொருவர். மேசையின் கண்மாய் இறங்குவது கொஞ்சம் மெதுவானது. அது தொடர்ந்து மெதுவாகுமா, இது ஒரு நாள் கூத்தா என்று மேசையால் சொல்ல முடியவில்லை.

“விதியைப் பதிவு செய்க” என்றது மேசை. சண்பகவல்லி பேனாவை எடுத்தாள். ‘மிச்சத் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைத் தேவைப்படுவோருக்குக் கட்டாயம்…’

“அம்மா, ஒரு சந்தேகம்.”

மண்டபமே “ஐயோ” என்றது. அய்யலுசாமி விரலைத் தூக்கியபடி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“அதை மட்டும் எழுதிராதீங்கம்மா” என்றார். “எழுதுனீங்கன்னா அதுலயும் நான் ஓட்டை கண்டுபிடிச்சிருவேன்.”

சண்பகவல்லி அவரைப் பார்த்தாள். பேனா பாதி வாக்கியத்தில் நின்றது. மேசை பொறுமையாக விதியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.